சங்கிலியின் மறுமுனை

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு கீற்றுக் கொட்டகை எரிந்தது. மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகம் என்று அதற்குப் பெயர். உள்ளே படுத்திருந்தவர்களில் 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே எடுத்துக்கொண்ட வழக்கின் தலைப்பு 25 பேர் என்று சொல்கிறது. கணக்கு அதன்பிறகும் கூடியது. சில நாட்களுக்குள் அந்த வகைக் காப்பகங்கள் அனைத்தும் மூடப்பட்டன. அவற்றில் இருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து ஏர்வாடி என்றால் சங்கிலி என்று நம் மனசில் பதிந்துவிட்டது.

சங்கிலியைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நான் பேச விரும்புவது அந்தக் கொட்டகையில் கிடந்தவர்களின் உறக்கத்தைப் பற்றி. அவர்கள் உறங்கும் நேரத்தில் தீ பிடித்தது தற்செயலாக இருக்கலாம். அவர்கள் அங்கே உறங்கியது தற்செயல் அல்ல. ஒரு வகையில் பார்த்தால், அவர்கள் ஏர்வாடிக்குக் கொண்டுபோகப்பட்டதே உறங்குவதற்காகத்தான்.

நம் பக்கத்து வாசகருக்கு ஒரு விளக்கம் வேண்டும். நாங்குநேரிப் பக்கத்து ஏர்வாடி வேறு. இது கீழக்கரைக்கு அப்பால், கடலோரத்து ஏர்வாடி. சுல்தான் சையது இப்ராஹிம் ஷஹீது அடங்கிய தர்கா அங்கே இருக்கிறது. மதபேதம் இல்லாமல் மனம் பேதலித்தவர்களை அங்கே கொண்டுபோய் விடுவது நெடுங்கால வழக்கம். தர்காவின் தண்ணீரும் விளக்கெண்ணெயும் மருந்து. வீட்டுக்குத் திரும்ப வைத்தியர் உத்தரவோ உறவினர் சம்மதமோ போதாது. நோயாளியின் கனவில் கட்டளை வர வேண்டும். கட்டளை இரண்டு மாதத்தில் வரலாம். சில வருஷங்களும் ஆகலாம். அதுவரை இருக்க வேண்டும். தர்காவைச் சுற்றி முளைத்த காப்பகங்கள் இந்தக் காத்திருப்பை நம்பிப் பிழைத்தவை. அங்கே பகலில் மரத்தோடு கயிறு, இரவில் படுக்கையோடு இரும்புச் சங்கிலி.

இதில் உள்ள கண்ணியைக் கவனிக்க வேண்டும். புத்தி பேதலிக்கும்போது முதலில் போவது உறக்கம் என்பது வைத்தியருக்கு முன்பே வீட்டாருக்குத் தெரியும். அந்த உறக்கத்தை இழந்தவனிடம்தான் உறங்கிக் கனவு காண் என்று கேட்கப்படுகிறது. விடுதலைக்கு நிபந்தனை கனவு. கனவுக்கு நிபந்தனை உறக்கம். உறக்கத்துக்கு எதிராக உள்ளே நோய், வெளியே சங்கிலி. சங்கிலியில் கிடப்பதால் உறக்கமில்லை, உறக்கமில்லாததால் கனவில்லை, கனவில்லாததால் சங்கிலி.

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டுப் போகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உறக்கத்தில் தெய்வம் வந்து நோயைத் தீர்க்கும் என்பது மனித இனத்தின் மிகப் பழைய வைத்திய எண்ணங்களில் ஒன்று. கிரேக்கத்தில் எபிடாரஸ் நகரத்து அஸ்க்லேபியஸ் கோயிலில் நோயாளிகள் படுத்து உறங்குவதற்கென்றே ஒரு கூடம் இருந்தது. கனவில் தெய்வம் தோன்றி மருந்து சொல்லும் என்று நம்பினார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஏலியஸ் அரிஸ்டிடிஸ் என்ற பேச்சாளர் பெர்கமத்தில் உள்ள அதே தெய்வத்தின் கோயிலில் நீண்ட காலம் தங்கித் தன் கனவுகளை எழுதி வைத்தார். எழுத்து இன்றும் இருக்கிறது. நம்பிக்கை அங்கும் இங்கும் ஒன்றுதான். ஆனால் அரிஸ்டிடிஸ் தாமாகப் போனவர், தாமாகப் படுத்தவர், தம் கனவைத் தாமே எழுதியவர். ஏர்வாடியில் கனவு நோயாளியுடையது, உறக்கம் வேறு யாருக்காகவோ.

யாருக்காக என்பதுதான் கேள்வி.

*

நாஞ்சில் நாட்டில் நாம் உறக்கம் என்று சொல்கிறோம், தூக்கம் என்று சொல்வதில்லை. நமக்குத் தூக்கம் என்றால் கொல்லங்கோடு பத்ரகாளி கோயில் தூக்கம். பிள்ளைகளை ஏந்திக்கொண்டு அந்தரத்தில் தொங்குகிற நேர்ச்சை. தூங்குதல் என்ற சொல்லின் ஆதிப்பொருளும் தொங்குதல்தான். துஞ்சுதல் என்ற பழஞ்சொல்லுக்கு உறங்குவது, சாவது இரண்டும் அர்த்தம். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்ற பெயரில் இருப்பது சாவு. தமிழ்ச் சொற்களில் உறக்கம் எப்போதும் ஓர் அந்தரத்துக்கும் சாவுக்கும் நடுவில் இருந்து வந்திருக்கிறது.

இந்த நாட்டில் மனம் பேதலித்தவர்களை எங்கே கொண்டுபோனார்கள்? சமஸ்தான காலத்தில் திருவனந்தபுரத்தில் 1870இல் ஏற்பட்ட ஊளம்பாறை ஆஸ்பத்திரி இருந்தது. தெருவில் யாராவது ஏறுமாறாகப் பேசினால் ‘ஊளம்பாறைக்கு அனுப்பணும்’ என்று இன்றும் சொல்கிறோம். ஊரின் பெயரே வசவாகிவிட்டது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, பைத்தியம் பிடித்தவனுக்கான சர்க்கார் ஆஸ்பத்திரியும் சட்டப்படி மாறிப்போயிற்று. 1794இல் கம்பெனி காலத்தில் தொடங்கி 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்த சென்னை ஆஸ்பத்திரி இப்போது நம்முடையது. எழுபது கிலோமீட்டருக்குள் இருந்தது எழுநூறு கிலோமீட்டருக்குப் போயிற்று. மொழிவாரி எல்லைக்காகப் போராடியவர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. எல்லைக்கோடு எந்தெந்த வீட்டுக்குள் போகிறது என்பதை நம் சரித்திரக்காரர்கள் பார்ப்பதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

எழுநூறு கிலோமீட்டர் போக முடியாதவர்களுக்கு ராஜாவூர் மிக்கேல் அதிதூதர் இருந்தார், புளியம்பட்டி அந்தோணியார் இருந்தார், ஏர்வாடி இருந்தது. அதற்கும் முடியாதவர்களுக்கு வீடு இருந்தது.

என் சிறுவயதில் எங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு. மகனுக்கு முப்பது வயசிருக்கும். ஒரு மழைக்கால இரவில் எழுந்துபோய்க் குளத்தில் இறங்கி நின்றவனை விடியும்போது தண்ணீர் பாய்ச்சப் போனவர்கள் பார்த்துக் கூட்டிவந்தார்கள். அதன்பிறகு ராத்திரி மட்டும் சங்கிலி. பகலில் அவன் திண்ணையில் இருப்பான், பிள்ளைகளோடு பேசுவான். விளக்கு வைத்தபின் அவன் அம்மை சங்கிலியைப் பூட்டுவாள். அதன் மறுமுனையைத் தூணில் கட்டவில்லை. தன் கையில் சுற்றிக்கொண்டு நடையில் படுத்துக்கொள்வாள். அவன் புரண்டால் அவளுக்குத் தெரிய வேண்டும். அவன் நடந்தால் அவளும் எழுந்து நடப்பாள். ராத்திரி தெருவில் அந்தச் சத்தம் கேட்கும். காலையில் பெண்கள் அவளிடம் கேட்பார்கள்: ‘பய ஒறங்கினானா?’ நீ உறங்கினாயா என்று யாரும் கேட்டு எனக்கு நினைவில்லை.

சங்கிலி என்பது பகலின் சாதனம் அல்ல, இரவின் சாதனம் என்பதை நான் அங்கேதான் கற்றேன். நாள் முழுக்க உழைத்து, ராத்திரியும் விழித்திருக்க ஒரு வீட்டால் முடியாது. விழித்திருக்க இன்னொருவர் வருவதில்லை. ஆகவே இரும்பு வருகிறது. காப்பகத்தில் ஒரு காவலாள் நாற்பது பேர் உறக்கத்துக்குப் பொறுப்பு என்றால் அங்கும் இரும்பு வருகிறது. அம்மையின் கையில் இருந்த மறுமுனை அங்கே கட்டில் காலுக்குப் போய்விட்டது என்பதுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தில் 28 பேர் செத்தார்கள்.

*

மேற்கத்திய வைத்தியம் இந்த இரவை என்ன செய்தது என்று பார்க்கலாம். 1920இல் ஜூரிச்சில் யாகோப் கிளேஸி என்ற வைத்தியர் பார்பிட்யூரேட் மருந்து கொடுத்து நோயாளிகளை நாள் கணக்கில் உறங்க வைத்தார். உறக்கச் சிகிச்சை என்று அதற்குப் பெயர். சிலர் எழுந்திருக்கவே இல்லை. 1952இல் பாரிஸில் தெலேயும் தெனிகேரும் குளோர்ப்ரோமஸைனைக் கொடுத்துப் பார்த்தார்கள். அறுவைச் சிகிச்சையில் நோயாளியைச் சாந்தப்படுத்தப் பயன்பட்ட மருந்து அது. பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளின் கூச்சல் அடங்கியது. நம் நாட்டிலும் பழைய மருந்து ஒன்று உண்டு: சர்ப்பகந்தி. பிகார்ப் பக்கம் அதற்குப் பைத்திய மருந்து என்றே பெயர். 1931இல் கல்கத்தாவில் கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போஸும் அதன் குணத்தைப் பற்றி எழுதினார்கள். 1952இல் ஸ்விட்ஸர்லாந்தின் சீபா கம்பெனிக்காரர்கள் அதிலிருந்து ரெசர்பைனைப் பிரித்தெடுத்தார்கள். கிழக்கும் மேற்கும் தனித்தனி வழியில் ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன: பைத்தியத்துக்கு மருந்து சாந்தப்படுத்துவது.

இந்த மருந்துகளால் லட்சக்கணக்கானவர்கள் வீடு திரும்பினார்கள். அதை மறுப்பது அறியாமை. ஆனால் சாந்தப்படுத்துவது வேறு, உறக்கம் வேறு. வார்டு அமைதியாக இருப்பதால் அங்கே கிடப்பவர்கள் உறங்குகிறார்கள் என்று அர்த்தமில்லை. ஷேக்ஸ்பியருக்கு இது தெரிந்திருந்தது. ‘லியர் அரசன்’ நாடகத்தில் புயலுக்குப்பின் கிழவன் ஒரு பண்ணை வீட்டில் கண்ணயர்கிறான். அந்த உறக்கம் கிடைத்திருந்தால் தேறியிருப்பான் என்று கென்ட்டுக்குத் தோன்றுகிறது. ஆனால் உயிருக்கு ஆபத்து என்று உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. பின்னால் கார்டீலியாவின் முகாமில் வைத்தியர் அவனுக்குக் கொடுப்பது உறக்கம்தான். விழிக்கும்போது மாற்றுடை உடுத்தியிருக்கிறான், பக்கத்தில் மகள் இருக்கிறாள். புத்தி திரும்புகிறது. உறக்கத்தைப் போலவே, யார் காவலில் உறங்குகிறோம், யார் முகத்தில் விழிக்கிறோம் என்பதும் அந்தக் காட்சியில் மருந்தின் பகுதி.

நானூறு வருஷம் கழித்து விஞ்ஞானம் இதன் ஒரு பாதியை நிரூபிக்கத் தொடங்கியிருக்கிறது. ஸ்கிஸோஃப்ரினியா நோயாளிகள் இரவில் விழித்திருப்பதற்கு வேலையின்மையும் ஒழுங்கற்ற வாழ்க்கையும் காரணம் என்று சொல்லி வந்தார்கள். 2012இல் இங்கிலாந்தில் கத்தரீனா உல்ஃப், ரஸ்ஸல் ஃபாஸ்டர் முதலானோர் 20 நோயாளிகளின் உறக்கத்தை, வேலையில்லாத ஆனால் நோயில்லாத 21 பேரின் உறக்கத்தோடு ஒப்பிட்டார்கள். வேலையில்லாதவர்கள் உறங்கினார்கள். நோயாளிகளின் உறக்கம் மட்டும் குலைந்திருந்தது. பலருக்கு உடம்பின் கடிகாரமே பகல் இரவோடு பொருந்தாமல் போயிருந்தது. 2017இல் டேனியல் ஃப்ரீமனும் குழுவினரும் பிரிட்டனின் 26 பல்கலைக்கழகங்களில் உறக்கமின்மையால் அவதிப்பட்ட 3755 மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு உறக்கத்தைச் சீர்செய்யும் பயிற்சி கொடுத்தபோது, அவர்களுடைய சந்தேக எண்ணங்களும் இல்லாததைக் காணும் கேட்கும் அனுபவங்களும் குறைந்தன. உறக்கமின்மை பைத்தியத்தின் நிழல் மட்டும் அல்ல, அதன் வேர்களில் ஒன்றும்கூட என்பது இதன் சாரம். இரவைக் கெடுக்கும் எந்த வைத்தியமும் நோயை வளர்க்கிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

*

சட்டம் எங்கே இருக்கிறது? 1912ஆம் வருஷத்து இந்தியப் பைத்தியச் சட்டம், 1987ஆம் வருஷத்து மனநலச் சட்டம், பிறகு 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம். மனநோயை ஊனங்களில் ஒன்றாக 1995ஆம் வருஷத்துச் சட்டமே ஏற்றுக்கொண்டது. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை உறுதிசெய்தது. 2017ஆம் வருஷத்துச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, மனநோயாளியை எந்த வடிவிலும் எந்த முறையிலும் சங்கிலியில் கட்டக்கூடாது என்கிறது. ஏர்வாடியில் எரிந்தவர்களுக்குப் பதினாறு வருஷம் பிந்திக் கிடைத்த வாசகம். நல்ல வாசகம்தான்.

பாரிஸின் பிஸேத்ர் ஆஸ்பத்திரியில் 1797இல் சங்கிலிகள் அகற்றப்பட்டன. அதைச் செய்தவர் புஸ்ஸான் என்ற மேற்பார்வையாளர். பெயர் கிடைத்தது பினல் என்ற வைத்தியருக்கு. 1961இல் வந்த தன் புத்தகத்தில் ஃபூக்கோ இந்த விடுதலைக் கதையைச் சந்தேகித்தார். இரும்பு போன இடத்தில் மேற்பார்வையும் தீர்ப்பும் வந்து உட்கார்ந்தன என்பது அவர் வாதம். ஃபூக்கோவை நம் சிற்றேடுகளில் நிறைய மேற்கோள் காட்டியிருக்கிறோம். ஆனால் நம் ஊர்ச் சங்கிலிக்கு அவர் வாதம் பாதிதான் பொருந்தும். இங்கே சங்கிலி போன இடத்தில் எதுவுமே வந்து உட்காரவில்லை. சங்கிலியைத் தடை செய்த சட்டம், சங்கிலி செய்துவந்த வேலையை, அதாவது ராத்திரி விழித்திருக்கும் வேலையை, யாருக்கும் கொடுக்கவில்லை. அது பழையபடி அம்மைக்கு வந்து சேர்கிறது.

இதே காலத்தில் உச்ச நீதிமன்றம் உறக்கத்தைப் பற்றியும் பேசியது. 2011 ஜூன் 4ஆம் தேதி நள்ளிரவுக்குப்பின் தில்லி ராம்லீலா மைதானத்தில் உறங்கிக்கொண்டிருந்த கூட்டத்தின்மேல் போலீஸார் பாய்ந்தார்கள். அந்த வழக்கில் 2012 பிப்ரவரியில் வந்த தீர்ப்பில் நீதிபதி பி.எஸ். சௌஹான், உறக்கம் அடிப்படை உரிமை, வாழும் உரிமையின் பகுதி என்று எழுதினார். ஏர்வாடி வழக்கைப் போலவே இதுவும் நீதிமன்றம் தானாக எடுத்துக்கொண்ட வழக்கு. இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தோன்றுகிறது. உறக்கம் குடிமகனின் உரிமை என்றால், மனநோயாளியின் வீட்டில் அந்த உரிமை யாருக்கு? மகனுக்கா, அம்மைக்கா? இருவருக்கும் என்றால், அந்த இரவில் விழித்திருக்க வேண்டியது யார்?

*

விழித்திருக்க ஓர் ஊர் போதும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சியம் உண்டு. வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசாமி கோயில் என்று ஒன்று. மனநோயாளிகள் உறவினரோடு வந்து அங்கே தங்குவது வழக்கம். 2000ஆம் வருஷம் ரகுராம் முதலான ஆராய்ச்சியாளர்கள், அங்கே வந்த 31 பேரைத் தொடர்ந்து பார்த்து, 2002இல் ஒரு பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் எழுதினார்கள். பெரும்பாலோர் ஸ்கிஸோஃப்ரினியா நோயாளிகள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். மாந்திரீகச் சடங்கு ஒன்றும் கிடையாது. போகும்போது நோயின் கடுமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சில மருந்துகள் தரும் பலனுக்கு இது குறைந்ததல்ல. பயமுறுத்தாத இடமும் பக்கத்தில் துணையும்தான் காரணமாக இருக்க வேண்டும் என்றார்கள். இது கோயிலுக்கு விளம்பரம் அல்ல. ஏர்வாடிக்கும் இதற்கும் தெய்வ நம்பிக்கையில் வித்தியாசமில்லை. எனக்குத் தெரியும் வித்தியாசம், உறவினர் பக்கத்தில் படுத்திருந்தார்கள் என்பது.

நம் பக்கத்தையும் யோசிக்கலாம். சுடலைமாடன் கொடையில் வில்லுப்பாட்டு விடியும்வரை போகும். சிவராத்திரிக்கு முஞ்சிறையிலிருந்து திருநட்டாலம்வரை பன்னிரண்டு சிவாலயங்களையும் இரவு பகலாக ஓடி முடிக்கிறார்கள். தக்கலை பீர்முகம்மது அப்பா தர்காவில் ஞானப்புகழ்ச்சி இரவு முழுக்கப் பாடப்படுகிறது. இந்த இரவுகளில் உறங்காதவன் பைத்தியம் அல்ல. எங்கள் தெருப் பையன் கொடை இரவில் சங்கிலி இல்லாமல் எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அன்று அவன் அம்மை கோயில் பக்கத்து மரத்தடியில் சேலையைத் தலைக்கு வைத்து நன்றாக உறங்கினாள். வருஷத்தில் ஓர் இரவு ஊர் அவளுக்காக விழித்திருந்தது. அப்படிச் செய்கிறோம் என்று ஊருக்குத் தெரியாது.

இந்தத் தெரியாமையில் எழுத்தாளர்களான நமக்கும் பங்கு உண்டு. நாம் பித்தைக் கொண்டாடுகிறவர்கள். சுந்தரரின் தேவாரமே சிவனைப் பித்தன் என்று அழைத்துத்தான் தொடங்குகிறது. புதுக்கவிதை அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு, பைத்தியத்தை உண்மையின் முகமூடியாக்கியது. மனப்பிறழ்வு ஒரு தத்துவத் தளம் ஆயிற்று. நம்முடைய கவிதைகளில் பைத்தியக்காரன் தெருவில் நின்று சமூகத்தைப் பார்த்துச் சிரிக்கிறான். அவன் ராத்திரி எங்கே படுக்கிறான் என்று கவிதை கேட்பதில்லை. ‘ழ’ நடத்திய ஆத்மாநாம் மனநோயோடு போராடி 1984இல் தன் உயிரை முடித்துக்கொண்டார். அவர் கவிதைகளில் நோயின் தடத்தைத் தேடிய விமர்சனம், அவருடைய இரவுகள் எப்படிக் கழிந்தன, அப்போது யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதைத் தன் கேள்வியாக எடுத்துக்கொண்டதா? இந்தக் கேள்வி என்னையும் சேர்த்துத்தான். பித்து படிமம் ஆகும்போது, பித்துப் பிடித்தவனின் பாயும் தலையணையும் படிமத்துக்கு வெளியே விழுந்துவிடுகின்றன.

ஏர்வாடிக்குப்பின் எங்கள் தெருவில் அந்தச் சங்கிலி காணாமல் போயிற்று. யாரும் சொல்லவில்லை, பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்து அவளே கழற்றிவிட்டாள். மாத்திரைகள் வந்தன, பையன் குண்டானான், பகலிலும் கிடந்தான். அவள் நடையில் படுப்பதை நிறுத்தவில்லை. சங்கிலி இல்லாததால் இப்போது அவன் புரள்வது கையில் தெரியாது. ஆகவே அவள் கண்ணைத் திறந்துகொண்டே படுத்திருந்தாள்.